ஆவியின் கனி நம்மிடத்தில் வளர்கிறதா என்பதை எங்கே பார்த்து அறிவது?

கடலூர் முதுநகர் வாசகர் (இழையைத் தொடங்கியவர்)

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையின் வாலிபர் கூடுகையில் பவுல் அப்போஸ்தலர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், ஆவியின் கனியைச் சொல்லும் 5-ஆம் அதிகாரத்தின் 22, 23 ஆகிய வசனங்களைப் பாடமாக எடுக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. ஞாயிறு பள்ளியில் நாங்கள் எல்லாரும் மனப்பாடம் செய்த வசனங்கள்தாம். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் என்ற வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்வார்கள். ஆகவே வரிசையைச் சொல்லிக்கொடுப்பது என் நோக்கமன்று.

கடந்த சபைக் குழுத் தேர்தலுக்குப் பின் எங்கள் சபை இரண்டு அணியாகிவிட்டது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு பக்கத்தார் மற்றப் பக்கத்தாரோடு பேசுவதில்லை. இரு பக்கத்திலும் ஜெபத்தில் உறுதியானவர்களும், தசமபாகம் தவறாதவர்களும், உபவாசம் இருப்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதினெட்டு வயதுப் பையன் என்னிடம், "அண்ணா, இவர்களில் யாரிடம் ஆவியின் கனி இருக்கிறது?" என்று கேட்டான். "உனக்குள் பார்" என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவன் கேட்டது நேர்மையான கேள்வி. ஒரு மனிதரிடத்தில் கனி வளர்கிறதா என்பதை எந்த இடத்தில் நின்று பார்ப்பது? தனி ஜெபத்தில் நமக்கு உண்டாகும் உணர்வைப் பார்த்தா, ஊழியத்தின் அளவைப் பார்த்தா, அல்லது வேறொன்றைப் பார்த்தா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியை

தம்பி, அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் அந்த இரண்டு வசனங்களுக்குள் இல்லை. அவற்றுக்கு முன்னும் பின்னும் இருக்கிறது. நாம் அந்த வசனங்களைத் தனியே எடுத்துச் சுவரொட்டியாகவும் நாட்காட்டியாகவும் அச்சடித்து மாட்டிவிட்டதால், பவுல் அவற்றை யாருக்கு, எந்தச் சூழ்நிலையில் எழுதினார் என்பது நம் கண்ணிலிருந்து மறைந்துபோயிற்று.

15-ஆம் வசனத்தை வாசியுங்கள். "நீங்கள் ஒருவரையொருவர் கடித்துப் பட்சித்தீர்களானால் அழிவீர்கள், அப்படி ஒருவராலொருவர் அழிக்கப்படாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள்" என்கிறார். கனியைப் பற்றிச் சொல்லி முடித்தபின் 26-ஆம் வசனத்தில், வீண் புகழ்ச்சியை விரும்பாமலும், ஒருவரையொருவர் கோபமூட்டாமலும், ஒருவர்மேல் ஒருவர் பொறாமைகொள்ளாமலும் இருக்கக்கடவோம் என்கிறார். முன்னே ஒரு சண்டை, பின்னே ஒரு சண்டை. இரண்டுக்கும் நடுவில்தான் ஆவியின் கனி வைக்கப்பட்டிருக்கிறது. யூதரல்லாத புறஜாதியாரிலிருந்து வந்த விசுவாசிகள் யூத முறைப்படி விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்ற கேள்வியால் பிளந்து நின்ற சபைகளுக்கு எழுதப்பட்ட நிருபம் அது. இரு பக்கத்தாரும் தாங்களே தேவனுக்காக வைராக்கியம் உள்ளவர்கள் என்று எண்ணியிருந்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மாம்சத்தின் கிரியைகள் என்று 19 முதல் 21 வரை சொல்லப்பட்ட பட்டியலையும் நிதானமாகப் பாருங்கள். மாம்சம் என்றதும் விபசாரமும் வெறியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பிரசங்கங்களிலும் அவற்றையே கேட்கிறோம். ஆனால் பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், மார்க்கபேதங்கள், பொறாமைகள் என்று அந்தப் பட்டியலின் ஏறக்குறைய பாதி, மனிதர் கூடி வாழும் இடத்தில் நடக்கும் பாவங்களாக இருக்கிறது. இவற்றில் ஒன்றையும் ஒரு மனிதன் தனியாகச் செய்ய முடியாது. அவ்வாறே, எதிரே அமைந்த கனியின் பட்டியலிலும் தயவையோ நீடியபொறுமையையோ சாந்தத்தையோ கதவைச் சாத்திக்கொண்டு தனியறையில் காட்ட வழியில்லை. நீடியபொறுமைக்கு நம்மைச் சோதிக்கும் ஒருவர் வேண்டும். சாந்தத்துக்கு நம்மை மறுத்துப் பேசும் ஒருவர் வேண்டும்.

ஆகவே எங்கே பார்ப்பது என்று கேட்டால், நமக்குப் பிடிக்காதவரோடு நாம் நடந்துகொள்ளும் விதத்தில் பாருங்கள் என்பேன். தேர்தலில் தோற்றவர் வென்றவரைப் பற்றித் தம் வீட்டுத் திண்ணையில் எவ்வாறு பேசுகிறார், வென்றவர் தோற்றவரின் வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்தால் முதல் ஆளாகப் போய் நிற்கிறாரா என்பவற்றில் அது தெரியும். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெபத்தில் வேர் இருக்கலாம்; கனியைத் தேடும் இடம் அதுவன்று.

நெல்லிக்குப்பம் இளைஞர்

அம்மா, நீங்கள் எழுதியதை ஏற்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு தடை இருக்கிறது. நான் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவன். பரிசுத்த ஆவியானவரின் நிறைவுக்கு அந்நியபாஷையை, அதாவது கற்காத மொழியில் பேசும் வரத்தை, அடையாளமாகப் போதிக்கிறோம். சுகமளிக்கும் வரத்தையும் தீர்க்கதரிசன வரத்தையும் நேரில் கண்டிருக்கிறேன். அவற்றைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. அதே சமயத்தில், வல்லமையாகப் பயன்படுத்தப்பட்ட ஊழியர் ஒருவர் தம் வீட்டு வேலைக்கு வந்த பெண்ணிடம் பேசிய பேச்சையும் கேட்டிருக்கிறேன். ஆவியானவர் அவரிடம் இருந்தாரா, இல்லையா? வரம் இருந்தும் கனி இல்லாமல் இருக்க முடியுமா?

முத்தியால்பேட்டை மறைக்கல்வி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் புதுச்சேரியைச் சேர்ந்த கத்தோலிக்கன். எங்கள் சொற்கள் சில உங்களுடையவற்றினின்று வேறுபடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் கேள்விக்குக் கொரிந்தியர் சபையே விடை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் தொடக்கத்திலேயே அவர்களுக்கு எந்த அருள்கொடையிலும் குறையில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அதே திருமுகத்தில், நான் பவுலைச் சார்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சார்ந்தவன் என்று அவர்கள் கட்சி கட்டியதையும், ஆண்டவரின் திருவிருந்தில் ஒருவர் பசியாக இருக்க மற்றொருவர் குடிவெறியில் இருந்ததையும் கண்டிக்கிறார். அருள்கொடைகளைப் பற்றிய 12, 14 ஆகிய அதிகாரங்களுக்கு நடுவில் அன்பைப் பற்றிய 13-ஆம் அதிகாரம் வருவது தற்செயல் அன்று. கொடைகள் திருச்சபையைக் கட்டியெழுப்பத் தரப்படுகின்றன. அவற்றைப் பெற்றவர் தூயவர் என்பதற்கு அவை சான்று ஆகமாட்டா. மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில், உமது பெயரால் இறைவாக்கு உரைக்கவில்லையா, பேய்களை ஓட்டவில்லையா என்று கேட்பவர்களிடம் "உங்களை எனக்குத் தெரியவே தெரியாது" என்று ஆண்டவர் சொல்வதாக வருகிறது. கனிகளைக் கொண்டே அறிவீர்கள் என்ற சொல் அதற்குச் சற்று முன்னர்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் மறைக்கல்வி வகுப்பில் மாணவர் தூய ஆவியாரின் கனிகள் பன்னிரண்டு என்று படிக்கிறார்கள். நண்பர்கள் ஒன்பது என்று சொல்லும்போது அவர்களுக்குக் குழப்பம் வருகிறது. வுல்காத்தா என்னும் பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பில் இந்தப் பட்டியல் பன்னிரண்டாக நீண்டிருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தன் 1832-ஆம் பத்தியில் அந்த மரபைப் பின்பற்றுகிறது. கிரேக்க மூலத்தைப் பின்பற்றும் எங்கள் திருவிவிலியத்திலும் ஒன்பதே உள்ளன. இதைப் பெரிய வேறுபாடாக நான் கருதவில்லை. பவுல் தம் பட்டியலை "இப்படிப்பட்டவை" என்று சொல்லித் திறந்தே விட்டிருக்கிறார்.

இதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் அக்குவினா தோமா செய்த விளக்கம். ஒருவர் நற்செயலைச் செய்வதோடு, அதில் மகிழ்ச்சியும் காணும்போதே அதைக் கனி என்கிறார் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவரைப் பொறுத்துக்கொள்வதும் நல்லதுதான். ஆனால் அது இன்னும் பழுக்கவில்லை. மன்னித்தபின் மனத்தில் இலேசாக ஓர் இனிமை உண்டாகி, மறுமுறை அந்த மனிதரைத் தெருவில் கண்டால் நம் கால்கள் எதிர்ப்பக்கம் திரும்பாமல் இருக்குமானால், அங்கே ஏதோ பழுத்திருக்கிறது. அன்புக்கு அடுத்தபடியாக மகிழ்ச்சி சொல்லப்பட்டிருப்பதை இவ்வாறுதான் நான் புரிந்துகொள்கிறேன். தம்பி குறிப்பிட்ட ஊழியரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் பணிப்பெண்ணிடம் கேட்டால், மேடைக்குக் கீழே அமர்ந்திருந்த ஆயிரம் பேரை விட உண்மையான சாட்சி கிடைக்கும்.

அரியாங்குப்பம் செவிலியர்

இந்த இழையை நன்றியோடு வாசித்துவருகிறேன். ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் மருத்துவமனையில் வேலை செய்கிறவள். கணவன் அடித்துக் கை முறிந்து வரும் பெண்களில் கிறிஸ்தவப் பெண்களும் உண்டு. அவர்களில் சிலர், "சபையில் நீடியபொறுமையாய் இரு, சாந்தமாய் இரு, ஜெபித்துக் காத்திரு என்கிறார்கள் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, மருத்துவரிடம் படியில் விழுந்துவிட்டதாகச் சொல்வார்கள். பிடிக்காதவரோடு நடந்துகொள்ளும் விதத்தில் கனியைப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியை அம்மா எழுதியதை அந்தப் பெண் வாசித்தால், இன்னும் கொஞ்சம் அடி வாங்குவதுதான் ஆவியின் கனி என்று எண்ணிக்கொள்வாள். பொறுமையை அடிபடுகிறவர்களிடத்திலும், இச்சையடக்கத்தை இளைஞர்களிடத்திலும் மட்டும் கேட்டு, அடிக்கிற கைக்குச் சாந்தத்தைப் போதிக்காமல் விடும் வழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. இதற்கு என்ன பதில்?

திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியை

மகளே, நீ எழுதியது இந்த இழைக்கு மிகவும் தேவையாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லும் பதிலைத் தெளிவாக எழுதுகிறேன்: அடிக்கு உடன்பட்டுக் கிடப்பது நீடியபொறுமை அன்று. அவள் பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், மருத்துவரிடம் உண்மையைச் சொல்வதும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைப்பதும், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நீதிமன்றத்தை நாடுவதும் ஆவியானவருக்கு விரோதமானவை அல்ல. பிலிப்பியில் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், மறுநாள் பவுலையும் சீலாவையும் இரகசியமாக வெளியே அனுப்பப் பார்த்தபோது, "ரோமராகிய எங்களை" என்று தம் குடியுரிமையைச் சொல்லி, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று பவுல் நின்றார். பிரதான ஆசாரியனுக்கு முன்பாகச் சேவகன் ஒருவன் அறைந்தபோது நம் கர்த்தர் "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டவரைவிடச் சாந்தமானவர் ஒருவரும் இல்லை.

இதே கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு பந்தியில் அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபினிடத்திலிருந்து யூதர் சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். "நான் முகமுகமாய் அவனோடே எதிர்த்தேன்" என்கிறார் பவுல். சாந்தத்தைக் கனியென்று எழுதிய அதே கையால், அதே நிருபத்தில், எழுதப்பட்ட வார்த்தைகள் இவை. அவர் பேதுருவின் முதுகுக்குப் பின்னால் அணி சேர்க்கவில்லை; எல்லாருக்கும் முன்பாக, காரணத்தைச் சொல்லி, முகத்துக்கு நேரே பேசினார். பலவீனருடைய பந்தி பறிக்கப்படும்போது எழும் கோபமும், தன் நாற்காலி பறிபோனதால் எழும் கோபமும் ஒன்றாகா. 6-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், குற்றத்தில் அகப்பட்டவனைச் "சாந்தமுள்ள ஆவியோடே" சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்று வருகிறது. குற்றத்தைக் குற்றம் என்று சொல்லாமல் ஒருவனைச் சீர்ப்படுத்த இயலாது. அடிக்கிற கணவனைச் சபை கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டிய இடம் அதுதான். மனைவியை உட்காரவைத்துப் பொறுமையைப் போதிப்பது, சுமக்க வேண்டியவர்களை விட்டுவிட்டு நசுங்கியவள்மேல் இன்னும் பாரம் ஏற்றுவதாகும்.

முத்தியால்பேட்டை மறைக்கல்வி ஆசிரியர்

பந்தியைப் பற்றி ஆசிரியை அம்மா எழுதியதும் எங்கள் ஊரின் வரலாறு நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், சம்பா கோவில் என்று மக்கள் அழைத்த ஆலயத்துக்குள் சாதியின் பெயரால் எழுப்பப்பட்டிருந்த சுவரைப் பற்றிய பதிவு 1745-ஆம் ஆண்டில் வருகிறது. ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் குருக்களிடம் சென்று முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. அந்த முறையீட்டை அன்று பலர் அமைதியைக் கெடுக்கும் செயல் என்றே சொல்லியிருப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நற்கருணை வாங்கியவர்கள் வாய் திறக்காமல் இருந்த காலத்தில் நிலவியதைச் சமாதானம் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடுகளில் கூடும் எங்கள் அன்பியக் கூட்டங்களில் யார் வீட்டில் கூடுகிறோம், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கிறோம் என்பதை இன்றைக்கும் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கனிகளைப் பற்றிய எந்தப் பாடமும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பண்ருட்டி விவசாயி

நான் அதிகம் படித்தவன் அல்லன். ஆனாலும் கனியைப் பற்றிப் பேசும்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பக்கத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அப்பனும் தாத்தனும் வைத்த மரங்கள். மறுபடியும் கன்று நட்டவர்கள், அடுத்த ஆனியில் பழம் பறிக்கலாம் என்று நடவில்லை. பலாக்கன்று காய்க்கப் பல வருடம் ஆகும். அதுவரை தண்ணீர் விட்டு, ஆடு மாடு கடிக்காமல் வேலி கட்டிக் காப்பது மட்டும் நம் வேலை. பிஞ்சு விடுவது நம் கையில் இல்லை. நம் முயற்சியா, தேவனுடைய செயலா என்று சில பிரசங்கிமார் வாதம் செய்யும்போது எனக்கு அது விளங்குவதில்லை. பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தில் பிரயாசப்படுங்கள் என்றும், விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்றும் அடுத்தடுத்த வசனங்களில் எழுதியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதியவருக்கு அதில் சிக்கல் இல்லை.

கடலூர் முதுநகர் வாசகர்

ஐயா, அம்மா, எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒரு சந்தேகம் மீதியிருக்கிறது. பிறவியிலேயே அதிர்ந்து பேசாதவர்கள் இருக்கிறார்கள். அவிசுவாசிகளிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. பிறவியிலேயே முன்கோபம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். முதலாமவரிடம் கனி இருக்கிறது, இரண்டாமவரிடம் இல்லை என்று சொல்லலாமா?

திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியை

சொல்லக் கூடாது. சாதுவான சுபாவமும் தேவன் தந்ததுதான். யாரிடம் கண்டாலும் அதற்காக அவரைத் துதிக்கலாம். ஆனால் அமைதியான சுபாவமுள்ள ஒருவர், அநியாயத்தைக் கண்டும் வாய் திறக்காத கோழையாக இருந்துவிடக் கூடும். அவருக்கு ஆவியானவர் கற்றுத்தருவது துணிந்து பேசுவதாக இருக்கலாம். ஆகவே ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அதே மனிதரின் முந்தைய நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்குப் பவுலே உதாரணம். அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரத்தில் அவரும் பர்னபாவும் பிரிந்தார்கள். முதல் பயணத்தில் பம்பிலியாவில் விட்டுப்போன மாற்குவை மறுபடியும் அழைத்துக்கொண்டு போவதா என்பதுதான் வழக்கு. அவர்களுக்குள்ளே கடுங்கோபம் மூண்டது என்று லூக்கா மூடி மறைக்காமல் எழுதியிருக்கிறார். தம்மை முதன்முதலாக அப்போஸ்தலரிடத்தில் அழைத்துப்போய் நிறுத்திய பர்னபாவோடு அந்தக் கோபம் மூண்டது என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பின்னர், மரணத்துக்கு முன்பான கடைசி நிருபமாகிய இரண்டாம் தீமோத்தேயுவின் முடிவில், "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்கிறார். நடுவில் என்ன நடந்தது என்று வேதம் விவரிக்கவில்லை. வேண்டாம் என்று ஒதுக்கிய அதே ஆளைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். நீடியபொறுமையும் தயவும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. உங்கள் வாலிபர்களிடம் இந்த இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். முன்கோபமுள்ள பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும்.

பாடத்தை 22-ஆம் வசனத்தில் தொடங்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. 5-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்தில் தொடங்கி 6-ஆம் அதிகாரம் 10-ஆம் வசனம் வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். அதற்கு முன்னுரையாக 2-ஆம் அதிகாரத்தின் பந்திச் சம்பவத்தைச் சொல்லுங்கள். ஒன்பது குணங்களையும் ஒன்பது வாரம் தனித்தனியே பிரித்து எடுத்தால் பிள்ளைகளுக்கு மதிப்பெண் பட்டியல் போலத் தோன்றிவிடும்.

கடலூர் முதுநகர் வாசகர்

அப்படியே செய்கிறேன், அம்மா. கூடுகை ஞாயிறு மாலையில் இருக்கிறது. அந்தத் தேர்தலில் என் எதிரணியில் நின்ற அண்ணனுடைய வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது; 6-ஆம் அதிகாரப் பகுதியை வாசித்து விளக்க வரும்படி அவரைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். அவர் என்ன பதில் சொன்னாலும் இங்கே எழுதுகிறேன். செவிலியர் சகோதரியிடம் ஒரு வேண்டுகோள்: எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் வந்து, மருத்துவமனையில் காண்பவற்றைப் பெயர் சொல்லாமல் பேச முடியுமா?

அரியாங்குப்பம் செவிலியர்

வருகிறேன், சகோதரரே. ஆண்களும் அமர்ந்து கேட்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.